கெட்டுப்போன ஆறு படங்கள்

என் மகள் வயிற்றுப் பேத்தி ரேடியோகிராபி படிக்கிறாள், இரண்டாம் ஆண்டு. பொங்கல் விடுமுறைக்கு வந்தவள் பரணில் கிடந்த டிரங்குப் பெட்டியைக் கிளறி ஒரு பழுப்பு உறையை எடுத்தாள். உள்ளே ஆறு எக்ஸ்ரே பிலிம்கள். ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"அப்புச்சி, ஆறுல ஒண்ணுகூட உருப்படியா இல்லீங்களே. இதையா பத்திரமா வெச்சிருக்கீங்க?"

நல்ல படமெல்லாம் நோயாளியோடு போய்விட்டது கண்ணு. முப்பத்து நாலு வருஷ சர்வீஸில் எனக்கென்று மிஞ்சியது இவைதான். கழிவு பிலிமை எல்லாம் அதிலிருக்கும் வெள்ளிக்காக எடைக்கு எடுத்துப் போய்விடுவார்கள். பெயர் இருந்த மூலையைக் கத்தரித்துவிட்டு, இந்த ஆறை மட்டும் டாக்டரிடம் சொல்லி வாங்கி வைத்தேன். ஆறுக்குப் பின்னாலும் என் தப்பு இருக்கிறது. உங்கள் கல்லூரியில் பிலிமே கிடையாது, எல்லாம் கம்ப்யூட்டர் என்கிறாய். அதனாலேயே இந்தக் கதையை நீ கேட்டாக வேண்டும். உட்கார்.

இந்தச் சாம்பல் நிறப் படம்தான் முதலாவது. முதுகெலும்பு என்று நான் சொன்னால்தான் உனக்குத் தெரியும். கூழில் விழுந்த எலும்பு மாதிரி இருக்கிறது. நான் சென்னை பர்னார்ட் கதிரியல் நிலையத்தில் படித்து முடித்து வந்த புதிது. 1934-ல் தொடங்கிய நிலையம் அது, அங்கே படித்தவன் என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. ஆள் பருமனாக இருந்தார். படம் வெளுத்துவிடுமோ என்ற பயத்தில் எம்.ஏ.எஸ்.ஸை வேண்டியதற்கு இரு மடங்கு வைத்துவிட்டேன்.

எம்.ஏ.எஸ். என்பது எத்தனை பேரை வேலைக்கு அனுப்புகிறாய் என்பது. கே.வி. என்பது அவர்களுக்கு எவ்வளவு தெம்பு கொடுத்து அனுப்புகிறாய் என்பது. கே.வி. குறைந்தால் கதிர் உடம்பிலேயே தங்கிவிடும். நோயாளிக்குக் கேடு, பிலிமுக்கு ஒன்றும் வராது. கே.வி. மிஞ்சினால் சதையையும் எலும்பையும் ஒரே மாதிரி கடந்துவிடும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் போய்விடும். 70 கே.வி.யை 80 ஆக்கினால் எம்.ஏ.எஸ்.ஸைப் பாதியாக்கலாம், கறுப்பு ஏறத்தாழ அதே அளவு வரும் என்பது எங்கள் கைக்கணக்கு. வேண்டிய அளவு எம்.ஏ.எஸ்.ஸை இரு மடங்காக்கினால் என்ன ஆகும்?

டார்க் ரூமில் டெவலப்பரில் இறக்கி ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, சிவப்பு விளக்கில் பிலிம் கறுத்துக்கொண்டு வருவது தெரிந்தது. பதறிப்போய் ஒன்றரை நிமிஷத்தில் தூக்கி, படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போவில் போட்டுவிட்டேன். கறுப்பு நின்றது. படம் செத்தது. பிலிமில் இருப்பது வெள்ளி உப்பின் நுண்மணிகள். நிறையக் கதிர் பட்ட இடத்துக்கும் கொஞ்சம் பட்ட இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை டெவலப்பர் மெல்ல மெல்லத்தான் வளர்த்தெடுக்கும். 20 டிகிரியில் ஐந்து நிமிஷம் அதற்கு வேண்டும். பாதியில் இழுத்தால் எல்லாம் ஒரே சாம்பல்.

எங்கள் டார்க் ரூம் உதவியாளர் எனக்கு அப்பா வயது. எட்டாவது வரை படித்தவர். படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, ஒரு தப்பு மிஷின்கிட்ட நடந்திருக்குது. அத மறைக்கறதுக்கு இன்னொரு தப்பு இங்க நடந்திருக்குது. ரெண்டும் சேந்து நேர்பட்டுடும்னு நெனச்சீங்களாக்கும்?" என்றார். ஐந்து நிமிஷமும் விட்டிருந்தால் படம் கன்னங்கரேல் என்று வந்திருக்கும். அதைப் பார்த்திருந்தால் எவ்வளவு கூட்டி வைத்தேன் என்று எனக்குத் தெரிந்திருக்கும். பாதியில் இழுத்ததால் படமும் போயிற்று, எங்கே தவறினேன் என்ற கணக்கும் போயிற்று. தப்பு செய்தால் அதை முழுசாக வெளியே வரவிடு கண்ணு. முழுசாகத் தெரிந்த தப்பிலிருந்துதான் கற்றுக்கொள்ள முடியும்.

இரண்டாவது, இந்த நெஞ்சுப் படம். விலா எலும்பெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது பார், மழைத்தண்ணீரில் விழுந்த நிழல் மாதிரி. எழுபது வயசுக் கிழவி. நெடுநாள் இருமல், காசநோயா என்று பார்க்க அனுப்பியிருந்தார்கள். "மூச்ச இழுங்க, புடிங்க, விடாதீங்க" என்று கத்திவிட்டு பட்டனை அழுத்தினேன். ஆடிவிட்டது. மறுபடி எடுத்தேன், மறுபடி ஆடியது. மூன்றாம் முறை பிலிம் வைத்த கேசட்டை மாட்டும்போது அந்தம்மா மெதுவாகக் கேட்டது: "ஏனுங் தம்பி, இன்னும் எத்தன தடவ புடிப்பீங்க? தடவைக்குத் தனியாக் காசு ஆகுங்களா?"

"ஆகாது பாட்டி" என்றேன். அந்தப் பதிலைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

ஆட்டத்துக்கு இரண்டு மருந்து உண்டு. ஒன்று நேரம். 1895 டிசம்பரில் ரான்ட்ஜென் தன் மனைவியின் கையைப் படமெடுத்தபோது அந்த அம்மாள் கால் மணி நேரம் கையை அசைக்காமல் வைத்திருந்தாராம். நம்மிடம் வருகிற குழந்தையும் கிழவியும் கால் நிமிஷம்கூடத் தாங்க மாட்டார்கள். 100 எம்.ஏ. மின்னோட்டம் 0.1 வினாடி என்றாலும் 10 எம்.ஏ.எஸ்.தான், 200 எம்.ஏ. 0.05 வினாடி என்றாலும் 10 எம்.ஏ.எஸ்.தான். கறுப்பு ஒன்றே, ஆடுவதற்குக் கிடைக்கும் நேரம் மட்டும் பாதி. முடிந்த மட்டும் எம்.ஏ.வை ஏற்றி நேரத்தைக் குறைத்துவிட வேண்டும்.

இன்னொன்று உன் வாய். மூன்றாம் முறை நான் கூண்டுக்குள்ளிருந்து வெளியே வந்து, பாட்டி எதிரில் நின்று, நானே மூச்சை இழுத்துக் காட்டி, நிறுத்திக் காட்டி, ஒருமுறை சும்மா ஒத்திகை பார்த்தேன். அப்போதுதான் தெரிந்தது, அந்தம்மாவுக்கு ஒரு காது கேட்காது. நான் போட்ட சத்தத்தில் திடுக்கிட்டுத்தான் இரண்டு தடவையும் ஆடியிருக்கிறது. அரை நிமிஷப் பேச்சில் முடிந்திருக்க வேண்டியது. படத்தின் தரம் மிஷினில் ஆரம்பிக்கிறது என்று புத்தகத்தில் போட்டிருப்பான். நோயாளியை நீ கூப்பிடுகிற குரலிலேயே அது ஆரம்பித்துவிடுகிறது.

மூன்றாவதைப் பார். வயிற்றுப் படம். வலது சிறுநீரகம் இருக்கிற இடத்தில் அரிசி நுனி அளவு ஒரு வெள்ளைப் புள்ளி. என்ன அது?

"கல்லு" என்றாள் பேத்தி உடனே.

டாக்டரும் அப்படித்தான் சொன்னார். நல்லவேளை, அன்று சாயங்காலமே இன்னொருவருக்கு அதே கேசட்டில் வயிற்றுப் படம் எடுத்தேன். அவருக்கும் அதே இடத்தில் அதே அரிசி நுனி. இரண்டு பேருக்கு ஒரே இடத்தில் ஒரே அளவில் கல் வருமா? பிலிமைக் கறுப்பாக்குவது நேராக எக்ஸ்ரே என்று நினைக்கிறாய். இல்லை. கேசட்டின் இரு பக்கமும் ஒட்டியிருக்கும் ஸ்கிரீன்கள் எக்ஸ்ரே பட்டதும் ஒளிரும். அந்த வெளிச்சம்தான் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் படத்தை எழுதுகிறது. ஸ்கிரீன் மேல் ஒரு தூசு உட்கார்ந்தால் அங்கே வெளிச்சம் பிலிமைத் தொடாது. அந்த இடம் வெள்ளையாக நிற்கும். அந்தத் தூசு என் அஜாக்கிரதை. வாரம் ஒருமுறை ஸ்கிரீனைத் துடைக்க வேண்டும் என்பது விதி. மூன்று வாரமாக நான் துடைக்கவில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு கேசட்டுக்கும் எண் எழுதி, அந்த எண் படத்தின் ஓரத்தில் விழும்படி செய்தேன். சந்தேகமான புள்ளி எது வந்தாலும் முதலில் கேசட்டைத் திறந்து பார்ப்பேன், அப்புறம்தான் நோயாளியைச் சந்தேகப்படுவேன். வாழ்க்கையிலும் எனக்கு அது பழகிவிட்டது. எதிரில் இருப்பவர்கள் எல்லோரிடமும் ஒரே குறை தெரிகிறது என்றால், குறை என் கண்ணாடியில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வேன். உன் பாட்டியைக் கேள், அதிலும் நான் பலமுறை தவறியிருக்கிறேன்.

நாலாவது படத்துக்குப் பின்னால் ஒரு வாரச் சண்டை இருக்கிறது. எண்பதுகளின் கடைசியில் எங்களுக்குப் புது ஸ்கிரீன் வந்தது. பழைய டங்ஸ்டேட் ஸ்கிரீன் நீல வெளிச்சம் தரும். புதிதாக வந்த அருமண் ஸ்கிரீன் பச்சை வெளிச்சம் தரும். கதிர் பாதிகூட வேண்டாம். அதற்கு ஏற்ற, பச்சை பார்க்கிற பிலிமும் வாங்கினோம். வந்த முதல் நாளிலிருந்து படம் எல்லாம் மங்கல். பனி மூடிய மாதிரி ஒரு சாம்பல்.

சிதறல்தான் காரணம் என்றார் ஒருவர். கதிர் உடம்பில் பட்டுத் தெறித்து நாலா பக்கமும் ஓடுவது உனக்குத் தெரியும். அதைக் குறைக்க ஒளிவட்டத்தைச் சுருக்கினோம், கிரிட்டை மாற்றினோம். 1913-ல் புக்கி என்ற ஜெர்மன் டாக்டர் கண்டுபிடித்த ஈயச் சட்டம் அது. நேராக வருகிற கதிரை விட்டு, குறுக்கே வருவதைத் தடுக்கும். அதற்காக மூன்று நாலு மடங்கு கதிர் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். கொடுத்தோம். மங்கல் போகவில்லை. டெவலப்பர் சூடாகிவிட்டது என்றேன் நான். சித்திரை மாசம், தொட்டித் தண்ணீர் 32 டிகிரி. ஐஸ் கட்டியைப் பிளாஸ்டிக் பையில் கட்டித் தொட்டிக்குள் இறக்கினோம். நேரே போட்டால் மருந்து நீர்த்துவிடும். 20-க்குக் கொண்டு வந்தும் மங்கல் போகவில்லை. பிலிம் பெட்டி வெயிலில் கிடந்திருக்கும் என்று ஸ்டோரைத் திட்டினோம். ஸ்டோர் எங்களைத் திட்டியது.

ஏழாம் நாள் டார்க் ரூம் பெரியவர் ஒன்றும் பேசாமல் ஒரு புது பிலிமை எடுத்து மேஜையில் வைத்தார். அதன் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்தார். சேஃப் லைட் எரிய, நாலு நிமிஷம் விட்டு, டெவலப் செய்தார். அந்தப் படம்தான் உன் கையில் இருக்கிறது. சாம்பல் வெளிக்கு நடுவே வெள்ளையாக ஒரு வட்டம் தெரிகிறதா? மங்கலுக்குக் காரணம் எங்கள் தலைக்கு மேலே தொங்கிய விளக்குதான். டார்க் ரூமில் இரண்டு விளக்கு. ஒன்று சிவப்பு, ஒன்று பழைய நீலப் பிலிமுக்காகப் போட்ட மஞ்சள் கண்ணாடி. பச்சை பார்க்கிற பிலிமுக்கு அந்த மஞ்சள் ஆகாது. எல்லாவற்றையும் மாற்றிய நாங்கள் அதை மட்டும் மாற்றவில்லை. பாதுகாப்பு விளக்கு என்று பெயர் வைத்திருந்ததால் அதைச் சந்தேகப்படவே யாருக்கும் தோன்றவில்லை.

ஏழு நாளும் நாங்கள் ஆளைத் தேடினோம். பெரியவர் காரணத்தைத் தேடினார். அதற்கு ஆன செலவு ஒரு பிலிம், நாலு நிமிஷம், திரும்ப எடுத்துக்கொண்ட ஒரு ரூபாய். வேலையில் சண்டை வரும்போதெல்லாம் எனக்கு அந்த வட்டம் ஞாபகம் வரும்.

ஐந்தாவது படம் பார்வைக்கு நன்றாகவே இருக்கிறது. ஆறிலும் பெரிய பாவம் அதில்தான். வார்டில் படுத்த படுக்கையாக இருந்தவருக்கு, நகரும் மிஷினைத் தள்ளிக்கொண்டு போய் எடுத்த நெஞ்சுப் படம்.

சின்ன வயசில் கரண்ட் போனால் உன் மாமன் அரிக்கேன் விளக்கு முன்னால் கையை நீட்டிச் சுவரில் மான் காட்டுவான். கை சுவரை ஒட்டி இருந்தால் நிழல் கையளவு, ஓரம் கூர்மை. கையை விளக்குப் பக்கம் கொண்டு போகப் போக மான் யானை ஆகும், ஓரமும் கலங்கும். எக்ஸ்ரேயும் நிழல்தானே. விளக்கு எட்ட இருக்க வேண்டும், பொருள் பிலிமை ஒட்டி இருக்க வேண்டும், திரி சின்னதாக இருக்க வேண்டும். நம் மிஷினில் திரி என்பது ஃபோக்கல் ஸ்பாட். கை விரலுக்கு 0.6 மில்லிமீட்டர், இடுப்புக்கு 1.2 என்று மாற்றிக்கொள்வோம். இருதயம் நெஞ்சின் முன்பக்கம் இருக்கிறது. அதனால் நோயாளியை நிற்க வைத்து, நெஞ்சைக் கேசட்டில் ஒட்டவிட்டு, முதுகுப் பக்கமிருந்து 180 சென்டிமீட்டர் தள்ளி எடுக்கிறோம். படுத்திருப்பவருக்கு முடியாது. முதுகுக்கு அடியில் கேசட், முன்னாலிருந்து கதிர், தூரம் 100 சென்டிமீட்டர். இருதயம் பிலிமுக்கு எட்டத்தில். நிழல் பெருத்துத்தான் விழும்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். முன்னாலிருந்து எடுத்தது என்று காட்டும் ஏ.பி. எழுத்தைப் படத்தில் வைக்க மட்டும் மறந்தேன். இரவு டியூட்டிக்கு வந்த புது டாக்டர் படத்தைப் பார்த்து, இருதயம் பெருத்திருக்கிறது என்று வீட்டுக்காரர்களிடம் சொல்லிவிட்டார். அந்த ஆளின் மனைவி விடிய விடிய வராண்டாவில் உட்கார்ந்து அழுததைக் காலையில் வந்துதான் பார்த்தேன். பத்து நாள் கழித்து அவர் எழுந்து நின்றபோது முறைப்படி எடுத்தோம். இருதயம் இருக்க வேண்டிய அளவில்தான் இருந்தது.

படத்தில் பொய் இல்லை. நான் எங்கே நின்று எடுத்தேன் என்பதைச் சொல்லாமல் விட்டேன், அவ்வளவுதான். ஒருவரைப் பற்றி நீ ஒன்று சொல்லும்போதும் எந்த இடத்திலிருந்து, எவ்வளவு கிட்டத்தில் நின்று பார்த்தாய் என்பதையும் சேர்த்துச் சொல். கேட்பவர் கழித்துக்கொள்வார்.

கடைசிப் படம் மஞ்சள் பூத்துப் பழுப்பாகிக் கிடக்கிறது. முன்கை எலும்பு முறிவு. எடுத்த அன்று ஈரத்தோடு வியூவரில் மாட்டினேன். கண்ணாடி மாதிரி இருந்தது, டாக்டர் பாராட்டினார். அது தண்ணீர்ப் பஞ்சக் காலம். ஹைப்போவில் போட்ட பிலிமை ஓடுகிற தண்ணீரில் இருபது நிமிஷத்துக்குக் குறையாமல் அலச வேண்டும். தொட்டியில் தண்ணீர் இல்லை; ஒரு வாளியில் நாலு முக்கு முக்கி உலர்த்திவிட்டேன். தங்கிப்போன ஹைப்போ உள்ளேயே இருந்து வெள்ளியை அரித்தது. அந்த வாரம் அப்படிக் கழுவியவற்றில் ஒரு அடிதடிக் கேஸ் படமும் இருந்தது. சில வருஷம் கழித்து அது கோர்ட்டுக்குப் போனபோது முறிவுக் கோடு எது, கறை எது என்று டாக்டரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. உன் கையில் இருப்பது அதே வாளியில் முக்கியதில் இன்னொன்று.

மற்ற ஐந்து தப்பும் சில நாளிலேயே என்னைப் பிடித்துக் கொடுத்தன. இது பாராட்டு வாங்கிக் கொடுத்துவிட்டு, வருஷக் கணக்கில் காத்திருந்து பிடித்தது. யாரும் பார்க்காத கடைசி வேலையில் கை குறைத்தால் இப்படித்தான்.

பேத்தி உறையைக் கட்டிக்கொண்டே, "இப்ப இதெல்லாம் இல்லீங்க அப்புச்சி. டெவலப்பர் இல்ல, டார்க் ரூம் இல்ல. எவ்வளவு வெச்சாலும் கம்ப்யூட்டரே சரி பண்ணிடும்" என்றாள்.

அங்கேதான் எனக்குப் பயம் கண்ணு. ஊட்டியில் 1960-ல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் பிலிமை நான் பல வருஷம் கையாண்டேன். அந்த ஆலை மூடியாயிற்று, பிலிமின் காலமும் போயிற்று. அதற்காக நான் அழவில்லை. இருட்டில் ஹைப்போ நாற்றத்தில் நின்றவனுக்குத்தான் தெரியும், உங்கள் வசதி எவ்வளவு பெரியது என்று. ஆனால் பிலிமுக்கு ஒரு குணம் உண்டு. கதிரைக் கூட்டி வைத்தால் கறுத்துப்போய் நம்மை எல்லார் எதிரிலும் திட்டும். குறைத்து வைத்தால் வெளுத்துப்போய்த் திட்டும். நல்ல படத்துக்கு அது விட்டுக்கொடுக்கும் இடம் குறுகலானது. அந்தத் திட்டுதான் எங்கள் கையைக் கட்டுக்குள் வைத்தது.

உன் டிடெக்டர் குறைத்து வைத்தால் மட்டும் மணல் தூவின மாதிரி பொரிந்து காட்டும். கூட்டி வைத்தால் ஒன்றும் சொல்லாது. இன்னும் வழுவழுப்பான படமாகத் தந்து உன்னை மகிழ்விக்கும். நாளாக ஆக எல்லோர் கையும் மெல்ல மேலே ஏறும். நான் முதல் வருஷம் ஒன்றரை நிமிஷத்தில் பிலிமைத் தூக்கி மறைத்தேனே, அந்த வேலையை இப்போது மிஷினே கேட்காமல் செய்துகொடுக்கிறது. ஒளிவட்டத்தைச் சுருக்காமல் எடுத்துவிட்டு ஓரத்தைத் திரையில் வெட்டிக்கொள்கிறார்கள். படத்தை வெட்டலாம், உடம்பில் விழுந்த கதிரை வெட்ட முடியுமா?

திட்டுவதற்கு ஆள் இல்லாமல் போகவில்லை, குரல்தான் சின்னதாகிவிட்டது. படத்தின் ஓரத்தில் டி.ஐ. என்று ஓர் எண் வரும், யாரும் பார்ப்பதில்லை என்று நீயே சொன்னாய். சுழியம் என்றால் சரியான அளவு. கூட்டல் மூன்று என்றால் இரு மடங்கு வைத்திருக்கிறாய். கழித்தல் மூன்று என்றால் பாதி. ஒரு நோட்டுப் போடு. ஆள் பெயர் வேண்டாம். தேதி, உறுப்பு, அந்த எண், திருப்பி எடுத்தாயா, ஏன் என்று மட்டும் எழுது. எனக்கு உறை இருந்த மாதிரி உனக்கு நோட்டு.

இப்போது அந்தக் கிழவிக்கு வருகிறேன். தடவைக்குக் காசு ஆகுமா என்று கேட்டது. ஆகாது என்றேன். அரசாங்க ஆஸ்பத்திரி, ரசீது போட மாட்டோம், அந்த மட்டும் சரி. ஆனால் ஒரு படத்துக்கு மூன்று படத்தின் கதிரை வாங்கிக்கொண்டது அந்த உடம்பு. கேசட்டை மாட்டியவன், கத்தியவன், காது கேட்காததைக் கவனிக்காதவன் நான், செலுத்தியது அந்தம்மா. என் காலத்தில் குப்பைக் கூடையில் இரண்டு பிலிம் கிடந்து அதற்குச் சாட்சி சொன்னது. உன் திரையில் ஒரு பட்டனை அழுத்தினால் சாட்சியும் இருக்காது.

உன்னிடமும் ஒருநாள் யாராவது கேட்பார்கள், "ஏனுங் கண்ணு, மறுபடியுமா?" என்று. பட்டனை அழுத்துவதற்கு முன்னால் அவர்கள் எதிரில் போய் நின்று ஒருமுறை மூச்சை இழுத்துக் காட்டு.